மீமானிடனும் மறதியும்: ‘சுப்பர்மான் 2’ திரைப்படத்தின் நிறைகுறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலைப்படைப்பின் நிறைகுறைகளை எடுத்துரைத்தல் திறனாய்வின் பணியாகவும், அப்படைப்புத் தோன்றிய சூழலை விளக்குதல் வரலாற்றின் பணியாகவும் பொதுவாகக் கருதப்பட்டு வருகின்றன. தனியொருவர் எழுதும் கவிதையைப் பொறுத்தவரை இப்பாகுபாடு ஓரளவு பொருந்தலாம். பெருமுதலும் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் ஒன்றுசேர்ந்து உருவாக்கும் திரைப்படத்தைப் பொறுத்தவரை அது பொருந்துவதில்லை. அங்கே ஒரு காட்சி ஏன் சிறந்தது, மற்றொன்று ஏன் தளர்ந்தது என்னும் வினாக்களுக்குரிய விடை கலைஞனின் உள்ளத்தில் மட்டுமன்றி, ஒப்பந்தப் பத்திரத்திலும் கணக்கேட்டிலும் கூடக் கிடக்கின்றது.

இவ்வுண்மையைத் தெளிவாகப் புலப்படுத்தும் படைப்புகளுள் ஒன்று, 1980 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவிலும் 1981 யூனில் ஐக்கிய அமெரிக்காவிலும் திரையிடப்பட்ட ‘சுப்பர்மான் 2’ என்னும் படமாகும். அதிமானிட நாயகர் பற்றிய தொடர்ப்படங்கள் இன்று உலகத் திரையரங்குகளை நிரப்புகின்றன. அவ்வகைப் படங்களின் ஆற்றலையும் வரம்பையும் முதன்முதலாக ஒருங்கே வெளிப்படுத்திய பெரும்படம் இதுவே எனலாம். இதனைக் கண்டோருள் ஒரு சாரார் முதற் படத்தினும் மேலானது என்றனர். மற்றொரு சாரார் சிதைக்கப்பட்ட படைப்பு என்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வுண்மைகள் எவ்வாறு ஒரே படத்தில் உடனுறைகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

நாயகனின் பிறப்பும் உரிமையும்

சுப்பர்மான் என்னும் பாத்திரம் 1938 ஆம் ஆண்டு யூன் மாதத் திகதியிட்ட ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழில் தோன்றியது. கிளீவ்லன்ட் நகரைச் சேர்ந்த ஜெரி சீகல், ஜோ சுஸ்ரர் என்னும் இரு இளைஞரே அதனைப் படைத்தோர். குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பங்களிற் பிறந்த அவ்விருவரும், பொருளாதார மந்தத்தின் நடுவே, அழிந்த கோளொன்றிலிருந்து அகதியாக வந்து சேரும் குழந்தையைத் தமது கற்பனை நாயகனாகக் கொண்டமை தற்செயலானதன்று. அப்பாத்திரத்தின் முழு உரிமையையும் அவர்கள் 130 டொலருக்குப் பதிப்பாளருக்கு விற்றனர். அதன்பின் வானொலித் தொடர், 1941 இல் தொடங்கிய பிளைஷர் நிறுவனத்தின் உயிரூட்டுப் படங்கள், 1948 இலும் 1950 இலும் வெளிவந்த திரையரங்குத் தொடர்கள், 1952 முதல் 1958 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் எனப் பாத்திரம் ஊடகந்தோறும் பரவியது. படைத்தவர்களோ வறுமையில் உழன்றனர்.

பெரும் பொருட்செலவில் சுப்பர்மான் திரைப்படம் எடுக்கப்படவுள்ளது என்னும் செய்தி 1975 இல் வெளிவந்தபோது சீகல் தமது நிலையைப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். சித்திரக்கதை ஓவியர்களான நீல் அடம்ஸ், ஜெரி ரொபின்சன் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். அக்காலத்திற் சுஸ்ரரின் பார்வை பெரிதும் மங்கியிருந்தது. ஈற்றில் வோர்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் வீதம் உதவித்தொகை வழங்கவும், படைத்தோர் என அவர்தம் பெயர்களை மீண்டும் பொறிக்கவும் இணங்கியது. 1978 ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் அப்பெயர்கள் காணப்படுவது இப்போராட்டத்தின் விளைவேயாகும்.

இச்செய்தி பின்வரும் ஆய்வுக்குப் புறம்பானதன்று. படைத்தவனிடமிருந்து படைப்பைப் பிரித்தெடுத்து விற்பனைப் பொருளாக்குதல் இப்பாத்திரத்தின் வரலாற்றில் முதல் நாளிலிருந்தே உள்ளதொரு நடைமுறை. நாற்பது ஆண்டுகளின் பின்னர் திரைப்பட நெறியாளர் ஒருவரும் அதே நடைமுறைக்கு ஆளானார்.

ஒருங்கே தொடங்கிய இரு படங்கள்

திரைப்பட உரிமையைப் பெற்றோர் அலெக்சாண்டர் சல்கைன்ட், அவர் மகன் இலியா சல்கைன்ட், பியர் ஸ்பெங்லர் ஆகிய தயாரிப்பாளர் மூவராவர். ஒரே படப்பிடிப்பிலிருந்து இரு படங்களை உருவாக்கும் முறையை இவர்கள் முன்னரே கையாண்டிருந்தனர். 1973 இலும் 1974 இலும் வெளிவந்த ‘மூன்று மஸ்கெற்றியர்’, ‘நான்கு மஸ்கெற்றியர்’ என்னும் படங்கள் அவ்வாறு எடுக்கப்பட்டவை. ஒரு படத்துக்கென ஊதியம் பெற்ற நடிகர்கள் தமது உழைப்பு இரு படங்களாக விற்கப்படுவதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். ஓர் ஒப்பந்தத்தின் கீழ் எத்தனை படங்கள் எடுக்கப்படும் என்பதை முன்கூட்டியே குறிப்பிடவேண்டும் என அமெரிக்க நடிகர் ஒப்பந்தங்களிற் பின்னர் சேர்க்கப்பட்ட விதி, இன்றும் ‘சல்கைன்ட் வாசகம்’ என்றே வழங்கப்படுகின்றது.

சுப்பர்மான் படங்களையும் இவ்வாறே ஒருங்கே எடுக்கத் திட்டமிடப்பட்டது. ‘த கோட்பாதர்’ நாவலின் ஆசிரியரான மரியோ பூசோ கதையை எழுதினார். டேவிட் நியூமன், லெஸ்லி நியூமன், ரொபேட் பென்ரன் ஆகியோர் அதனைத் திருத்தி எழுதினர். நெறியாளராக முதலில் அமர்த்தப்பட்ட கை ஹமில்ரன், படப்பிடிப்பு இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டபோது வரி தொடர்பான காரணங்களால் அங்கு பணியாற்ற இயலாது விலகினார். அவரிடத்துக்கு 1976 இல் ‘த ஓமன்’ படத்தால் புகழ்பெற்ற ரிச்சர்ட் டொனர் வந்தார். எழுத்துப்பிரதி கேலித்தன்மை மிக்கதாக இருப்பதாகக் கருதிய டொனர், ரொம் மன்கிவிச் என்பவரைக் கொண்டு அதனை மீண்டும் சீர்செய்வித்தார். கற்பனையை ஏளனஞ் செய்யாது, அது மெய்யாகவே நிகழ்வது போலக் காட்டவேண்டும் என்பது அவரது கோட்பாடு.

படப்பிடிப்பு 1977 மார்ச்சில் இங்கிலாந்திலே தொடங்கியது; பைன்வூட் கலையகம் அதன் நிலைக்களமாயிற்று. காலமும் செலவும் பெருகப் பெருகத் தயாரிப்பாளருக்கும் நெறியாளருக்கும் இடையே பிணக்கு முற்றியது. மஸ்கெற்றியர் படங்களை நெறிப்படுத்திய ரிச்சர்ட் லெஸ்டர் இரு தரப்புக்கும் இடையாளாக அழைக்கப்பட்டார். ஈற்றில் இரண்டாம் படத்தின் வேலையை இடைநிறுத்தி முதற் படத்தை முடிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. இரண்டாம் படத்தின் முடிவாக அமையவிருந்த நிகழ்ச்சி, அதாவது நாயகன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்புதல், முதற் படத்தின் இறுதிக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றத்தின் விளைவைப் பின்னர் காண்போம்.

1978 டிசெம்பரில் வெளிவந்த முதற் படம் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 13 கோடியே 40 இலட்சம் டொலர் ஈட்டியது. இவ்வெற்றிக்குப் பின்னரும், 1979 இல் டொனர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டாம் படத்தின் பெரும்பகுதி அப்போது அவரால் எடுத்து முடிக்கப்பட்டிருந்தது. முக்காற் பங்கு எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. எஞ்சியதை லெஸ்டர் எடுத்தார். டொனர் முன்பே எடுத்திருந்த சில காட்சிகளும் கைவிடப்பட்டு மீண்டும் படமாக்கப்பட்டன. வெளிவந்த படத்தில் நெறியாளர் என லெஸ்டரின் பெயர் மட்டுமே இடம்பெற்றது.

இதற்கிடையே வேறு இழப்புகளும் நேர்ந்தன. ஒளிப்பதிவாளர் ஜெப்ரி அன்ஸ்வேர்த் 1978 இலும், கலையமைப்பாளர் ஜோன் பாரி 1979 இலும் காலமாயினர். படத்தொகுப்பாளர் ஸ்ருவேட் பேர்ட் திரும்பவில்லை. இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸ் பங்குபற்றாமையால் அவரது இசைக்கருக்களைக் கென் தோர்ன் கையாண்டு இசையமைத்தார். லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹக்மன் மீள்படப்பிடிப்புக்கு வர மறுத்தார். தந்தை ஜோர்-எல் பாத்திரத்துக்காகச் சுமார் 37 இலட்சம் டொலர் ஊதியத்துடன் வருவாயிலும் பங்கு பெறவிருந்த மார்லன் பிராண்டோ தயாரிப்பாளருடன் வழக்காடினார். அவர் நடித்த பகுதிகள் இரண்டாம் படத்திலிருந்து முற்றாக நீக்கப்பட்டன.

படத்தின் நிறைகள்

இத்தனை இடர்களுக்கும் நடுவே உருவான படம் பல சிறப்புகளைக் கொண்டிருப்பது வியப்புக்குரியது. அவற்றுள் முதன்மையானது கதையின் மையச் சிக்கலாகும். எவராலும் வெல்லமுடியாத நாயகனைக் கொண்டு நாடகம் அமைத்தல் எளிதன்று. போராட்டம் இல்லாத இடத்தில் நாடகமும் இல்லை. முதற் படம் இவ்விடரை நாயகனின் பிறப்பு, வளர்ப்பு, முதல் வெளிப்பாடு என்னும் வரலாற்றினால் நிரப்பியது. இரண்டாம் படத்துக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. எனவே அது இரு திசைகளிலிருந்து நாயகனை நெருக்குகின்றது. ஒருபுறம், கிறிப்டன் கோளிலிருந்து தண்டிக்கப்பட்டு வெளியேற்றப்பட்ட ஸொட், ஊர்சா, நொன் ஆகிய மூவர் அவனுக்கு நிகரான ஆற்றலுடன் பூமிக்கு வருகின்றனர். மறுபுறம், லோயிஸ் லேன் மீது கொண்ட காதலுக்காக அவன் தன் ஆற்றலைத் தானே துறக்கின்றான். புறத்தே நிகரான பகையும் அகத்தே விரும்பி ஏற்ற பலவீனமும் ஒரே வேளையில் வந்து பொருந்துவதே இக்கதையின் வலிமை.

துறவின் விளைவைப் படம் காட்டும் முறையும் குறிப்பிடத்தக்கது. ஆற்றலிழந்த கிளார்க் கென்ற் நெடுஞ்சாலை உணவுச்சாலை ஒன்றில் லொறிச் சாரதி ஒருவனால் அடித்து வீழ்த்தப்படுகின்றான். தன் குருதியைத் தானே முதன்முறையாகக் காண்கின்றான். அதே இடத்திலுள்ள தொலைக்காட்சியில் அமெரிக்க சனாதிபதி ஸொட்டின் முன் அடிபணிந்த செய்தி வருகின்றது. தனிமனிதனின் இன்பமும் பொதுக்கடமையும் மோதும் பழைமையான அறச்சிக்கல், ஓர் எளிய சாப்பாட்டுக் கடையில், பேருரை எதுவுமின்றி முன்வைக்கப்படுகின்றது. இவ்வகைப் படங்களில் இவ்வளவு சிக்கனமான காட்சி அரிது.

நடிப்பு இரண்டாவது நிறை. கிறிஸ்தோபர் ரீவ் கிளார்க்காகவும் சுப்பர்மானாகவும் தோன்றும்போது வேறுபடுத்துவது கண்ணாடியன்று. முதுகின் வளைவும் குரலின் தளமும் மூச்சின் அளவுமே. தான் யார் என்பதை லோயிசுக்கு வெளிப்படுத்தும் காட்சியில் ஒருவன் மற்றொருவனாக நிமிர்வதைப் பார்வையாளர் நேரே காண்கின்றனர். மார்கொட் கிடர் ஏற்ற லோயிஸ் வெறும் காப்பாற்றப்படும் பெண்ணல்லள். ஐயத்தைச் சோதித்துப் பார்க்கும் பத்திரிகையாளர். ரெரன்ஸ் ஸ்ராம்ப் ஸொட்டுக்கு அளித்த குளிர்ந்த சலிப்பு, கத்திக் கொக்கரிக்கும் வில்லன் மரபிலிருந்து விலகியது. உலகை எளிதாக வென்றபின் அதில் வெல்வதற்கு வேறொன்றுமில்லை எனச் சலிக்கும் கொடுங்கோலன் அவன்.

மூன்றாவதாக, மெற்றோபோலிஸ் நகரத்துப் போரைக் கூறவேண்டும். டெரெக் மெடிங்ஸ் குழுவினரின் சிற்றுருவ அமைப்புகளும், பறக்கும் காட்சிகளுக்கான முன்புற எறிகை நுட்பமும், கணினி வரைகலை வளராத அக்காலத்தில் வானில் நிகழும் சண்டையைக் கண்முன் நிறுத்தின. அதனினும் முக்கியமானது அச்சண்டை முடியும் விதம். மக்களைப் பணயமாக்கினால் நாயகன் தளர்வான் என்பதை எதிரிகள் கண்டுகொள்கின்றனர். அவனோ கோழை என்னும் பழியை ஏற்றுக் களத்தை விட்டு அகல்கின்றான். நகரங்கள் இடிந்து வீழ்வதையே காட்சியின்பமாக்கிய பிற்காலப் படங்கள் பலவற்றோடு ஒப்பிடும்போது இம்முடிவின் அறநோக்குத் தெளிவாகும்.

படத்தின் குறைகள்

குறைகளுள் முதலாவது கதையின் நடுவிலேயே உள்ளது. ஆற்றலைத் துறந்தால் அது மீளாது என்று தனிமைக் கோட்டையில் நாயகனுக்கு எச்சரிக்கப்படுகின்றது. எனினும் பின்னர் அவன் அக்கோட்டைக்கு நடந்தே திரும்பி, எஞ்சிக் கிடக்கும் பச்சைப் படிகத்தைக் கையில் எடுக்கின்றான். அடுத்துத் தோன்றும்போது ஆற்றல் மீண்டுள்ளது. எவ்வாறு மீண்டது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பன கூறப்படவில்லை. துறவுக்கு மீட்சி இலவசமாகக் கிடைக்குமெனின் அத்துறவே பொருளற்றதாகிவிடுகின்றது.

இவ்விடைவெளியை எழுத்தாளரின் கவனக்குறைவு என்று கூறுவது எளிது. வரலாறு வேறு விடையைத் தருகின்றது. டொனர் எடுத்திருந்த காட்சியில், படிகங்களில் எஞ்சியிருந்த தந்தையின் உயிராற்றல் முழுவதும் மகனுக்குள் பாய்கின்றது. தந்தை என்றென்றைக்குமாக மறைகின்றான். மகனின் மீட்சிக்குத் தந்தையின் இரண்டாம் இறப்பே விலை. தந்தையாக நடித்தவர் பிராண்டோ. அவர் தோன்றினால் வருவாயிற் பங்கு கோருவார் என்பதனால் காட்சி நீக்கப்பட்டு, சூசன்னா யோர்க் நடித்த தாயின் பாத்திரம் எச்சரிக்கைக் காட்சியில் மட்டும் பதிலாக அமைக்கப்பட்டது. கதையின் காரணகாரியத் தொடரில் உள்ள உடைவு, கணக்கேட்டில் செய்யப்பட்ட ஒரு சேமிப்பின் மறுபக்கமாகும்.

இரண்டாவது குறை தொனியின் பிளவு. 1964 இல் பீற்றில்ஸ் குழுவினரின் படத்தையும், அடுத்த ஆண்டு கான் விழாவிற் பரிசு பெற்ற ‘த நாக்’ என்னும் நகைச்சுவைப் படத்தையும் நெறிப்படுத்திய லெஸ்டர் தமது துறையில் ஆற்றல் மிக்கவர். ஆயின் அவரது இயல்பு, மிகைக் கற்பனையை மெய்யெனக் காட்டும் டொனரின் கோட்பாட்டுக்கு நேர்மாறானது. ஸொட்டும் துணைவரும் ஊதும் பெருங்காற்றில் நகரம் அலைக்கழியும்போது, முகத்தில் ஐஸ்கிறீம் அப்பிக்கொள்வதும், தொலைபேசிக் கூண்டு விழுந்தபின்னும் ஒருவன் பேச்சை விடாதிருப்பதும் காட்டப்படுகின்றன. மக்களின் உயிருக்கு அஞ்சிய நாயகன் களத்தை விட்டு நீங்கவேண்டிய தறுவாயில், அம்மக்களே நகைப்புக்குரியவராக்கப்படுகின்றனர். அன்ஸ்வேர்த்தின் மென்மையான ஒளிக்கும் அவருக்குப்பின் வந்த ரொபேட் பெயின்ரரின் தெளிந்த தட்டையான ஒளிக்கும் உள்ள வேறுபாடும் கூர்ந்து நோக்குவோர்க்குப் புலனாகும். ஹக்மன் தோன்றும் இடங்கள் டொனர் எடுத்தவை என்பதை அறிந்தால், படத்தின் வேறு தையல்களையும் ஓரளவு இனங்காணலாம்.

மூன்றாவது குறை ஆற்றல்களின் எல்லையின்மை. இறுதிப் போரில் நாயகன் தன் மார்பிலுள்ள இலச்சினையை உரித்து வலைபோல வீசுகின்றான்; வில்லர் விரல்நுனியிலிருந்து கதிர் பாய்ச்சுகின்றனர். முன்னரோ பின்னரோ இவற்றுக்கு விளக்கமில்லை. கற்பனை உலகுக்கும் விதிகள் உண்டு. அவ்விதிகளைத் தேவைக்கேற்ப இயற்றிக்கொள்ளும் கதையில் வெற்றிக்கு மதிப்பில்லை.

நான்காவது, விளம்பரத்தின் ஊடுருவல். மூலச் சித்திரக்கதையில் புகைபிடிக்காத லோயிஸ் இப்படத்தில் மால்பரோ சிகரெட்டுடன் தோன்றுகின்றார். பெருஞ்சண்டையின் நடுவே அப்பெயர் பொறித்த பாரவண்டி ஒன்றும் இடம்பெறுகின்றது. இதற்காகப் புகையிலை நிறுவனமான பிலிப் மொரிஸ் பணம் வழங்கியிருந்தமை பின்னர் வெளிவந்து அமெரிக்க காங்கிரசின் விசாரணை வரை சென்றது. சிறுவர் பெருந்தொகையாகக் காணும் படம் என்பதை நினைக்கும்போது இது கலைக்குறை மட்டுமன்று, அறக்குறையுமாகும்.

அரசியல் நிலையிலும் ஒரு வரம்பு காணப்படுகின்றது. நாயகன் வெள்ளை மாளிகையின் கூரைக்குத் தேசியக்கொடியை மீட்டுக் கொடுத்து, இனிக் கைவிடமாட்டேன் எனச் சனாதிபதிக்கு வாக்களிப்பதோடு லெஸ்டரின் படம் முடிகின்றது. உலகம் முழுவதற்கும் நேர்ந்த அடிமைத்தனம் ஒரு நாட்டின் கொடிக்கு நேர்ந்த இழுக்காகச் சுருங்குகின்றது. வியட்நாம் தோல்விக்குப் பின், தெஹ்ரானில் பணயமாக வைக்கப்பட்ட அமெரிக்கர் 1981 சனவரியில் விடுதலையான சில மாதங்களில், அந்நாட்டுப் பார்வையாளர் இம்முடிவில் எத்தகைய ஆறுதலைக் கண்டிருப்பர் என்பதை ஊகித்தல் கடினமன்று.

மறதி என்னும் முடிவு

இக்குறைகள் அனைத்தையும் தயாரிப்பாளரின் தலையிலோ லெஸ்டரின் தலையிலோ ஏற்றிவிட்டால் ஆய்வு எளிதில் முடிந்துவிடும். டொனர் தொடர்ந்திருந்தால் படம் குறையற்றதாக இருந்திருக்கும் எனப் பலர் நெடுங்காலம் கருதியதும் உண்டு. இக்கருத்தைச் சோதிக்கும் வாய்ப்பு வரலாற்றில் அரிதாகவே கிட்டும். இப்படத்தின் விடயத்தில் கிட்டியது. 2004 இல் ரீவ் காலமானார். ஈராண்டுகளின் பின், 2006 நவம்பரில், டொனர் எடுத்த பகுதிகளை முதன்மையாகக் கொண்டு மைக்கல் தோ என்பவர் தொகுத்த பதிப்பு ரீவின் நினைவுக்குக் காணிக்கையாக வெளியிடப்பட்டது.

இப்பதிப்பில் பிராண்டோவின் காட்சிகள் மீண்டன. தந்தையின் தியாகம் கதையின் நடுவிலிருந்த உடைவை அடைத்தது. ஈபெல் கோபுரத்து ஐதரசன் குண்டு நீங்கி, முதற் படத்தில் நாயகன் விண்ணுக்கு எறிந்த ஏவுகணையே கைதிகளை விடுவிப்பதாக அமைந்தது. இதனால் அவனது நற்செயலே தீமைக்கு வித்தாகும் முரண் புலப்பட்டது. லோயிஸ் வெற்றுத் தோட்டாவினால் கிளார்க்கைச் சுட்டு உண்மையை வெளிக்கொணரும் காட்சி படமாக்கப்படவே இல்லை. நடிகர் தேர்வுக்காக எடுத்த பதிவுகளைக் கொண்டே அது நிரப்பப்பட்டது. தலைமயிரும் உடற்கட்டும் ஷொட்டுக்கு ஷொட்டு மாறினும் இக்காட்சி உயிர்ப்புடன் விளங்குவது நடிகரின் ஆற்றலுக்குச் சான்று.

ஆயின் முடிவு? லெஸ்டரின் பதிப்பில், தன்னை அறிந்துகொண்ட லோயிசின் துயரைத் தாங்காத நாயகன் ஒரு முத்தத்தினால் அவளது நினைவை அழித்துவிடுகின்றான். படத்தில் முன்னர் கூறப்படாத ஆற்றல் இது. அவளது சம்மதமும் கேட்கப்படவில்லை. டொனரின் பதிப்பிலோ, முதலில் திட்டமிடப்பட்டிருந்தவாறு அவன் காலத்தையே பின்னோக்கித் திருப்புகின்றான். முதற் படத்தின் இறுதியிற் கண்ட அதே நிகழ்ச்சி மீண்டும் வருகின்றது. நடந்தவை நடவாதனவாகின்றன. அதன்பின்னரும் அவன் உணவுச்சாலைக்குச் சென்று, தன்னை இன்னும் சந்திக்கவே செய்யாத சாரதியைப் பழிவாங்குகின்றான். தர்க்கநிலையில் இது முத்தத்தினும் பலவீனமானது.

ஆகவே இரு நெறியாளரும், நேர்மாறான இயல்பினராயினும், ஒரே இடத்தில் ஒரே முறையில் தடுமாறுகின்றனர். இருவரின் முடிவும் மறதியே. ஒருவர் ஒரு பெண்ணின் மனத்திலிருந்து அழிக்கின்றார். மற்றவர் உலகின் காலத்திலிருந்து அழிக்கின்றார். இப்பொதுமை தனிமனிதக் குறையன்று, வடிவத்தின் குறை.

இத்தாலிய அறிஞர் உம்பேர்த்தோ எக்கோ 1962 இல் எழுதிய கட்டுரையொன்றில் சுப்பர்மான் கதைகளின் காலத்தை ஆராய்ந்துள்ளார். ஒவ்வொரு செயலும் மனிதனை முதுமைக்கும் இறப்புக்கும் ஒரு படி அருகே கொண்டுசெல்லும். வாரந்தோறும் விற்கப்படவேண்டிய நாயகனோ தேய்தலாகாது. எனவே அக்கதைகளில் நேற்றைய நிகழ்ச்சி இன்றைக்குத் தொடர்வதில்லை என்பது அவரது கருத்தின் சாரம். தமிழ்க் காப்பிய இலக்கணம் வேண்டும் தன்னிகரில்லாத் தலைவனோடு இதனை ஒப்புநோக்கலாம். காப்பியத் தலைவனுக்கு மணம் உண்டு, முடிசூடல் உண்டு, இழப்பு உண்டு, நிறைவும் உண்டு. அவன் கதை முடியுமிடத்திலேயே பொருள் பெறுகின்றது. தொடர்ப்படத்தின் நாயகனுக்கு முடிவு மறுக்கப்பட்டுள்ளது. அவன் காதலித்தால் மறக்கப்படவேண்டும், துறந்தால் மீளவேண்டும், மூன்றாம் படத்தின் தொடக்கத்தில் முதற் படத்தின் முடிவில் நின்ற அதே இடத்தில் நிற்கவேண்டும்.

‘சுப்பர்மான் 2’ இன் உயர்வும் தாழ்வும் இங்கேதான் முடிச்சிடப்பட்டுள்ளன. ஒரு செயலுக்கு விலை உண்டு என்று கூறத் துணிந்தமை அதன் உயர்வு. அவ்விலையை இறுதியில் வசூலிக்கத் துணியாமை அதன் தாழ்வு.

பின்விளைவுகள்

இரண்டாம் படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடியே 80 இலட்சம் டொலர் ஈட்டி, அவ்வாண்டின் முன்னணிப் படங்களுள் ஒன்றாயிற்று. வணிக நிலையில் நெறியாளர் மாற்றம் தவறன்று எனத் தயாரிப்பாளர் கருதுவதற்கு இது போதுமானதாயிற்று. லெஸ்டரே நெறிப்படுத்திய மூன்றாம் படம் 1983 இல் ஏறத்தாழ 6 கோடி டொலரும், வேறொரு நிறுவனம் தயாரித்து 1987 இல் வெளிவந்த நான்காம் படம் சுமார் 1 கோடியே 60 இலட்சம் டொலரும் மட்டுமே அங்கு ஈட்டின. இரண்டாம் படத்தில் விதையாக இருந்த ஏளனம் மூன்றாம் படத்தில் மரமாயிற்று. மறதியினால் காப்பாற்றப்பட்ட தொடரைப் பார்வையாளரும் மறக்கத் தொடங்கினர்.

ஆயினும் அதன் மையச் சிக்கல் மறையவில்லை. 2004 இல் சாம் ரைமி நெறிப்படுத்திய ‘ஸ்பைடர்மான் 2’, கடமையின் சுமை தாளாது தன் உடையையே கைவிடும் இளைஞனைக் காட்டியது. அப்படத்தின் நாயகி உண்மையை அறிகின்றாள். அவளது நினைவு அழிக்கப்படவில்லை. விளைவை அறிந்தே அவள் தன் முடிவை எடுக்கின்றாள். 1981 இல் இயலாதது இங்கே ஓரளவு இயன்றது எனலாம். மற்றொரு புறத்தில், 2017 இல் சாக் ஸ்னைடர் விலகியபின் ஜொஸ் வீடனால் முடிக்கப்பட்ட ‘ஜஸ்ரிஸ் லீக்’ 2021 இல் ஸ்னைடரின் பதிப்பாக மீண்டும் வெளியிடப்பட்டபோது, டொனருக்கு நேர்ந்த வரலாறு புதிய உருவில் திரும்பியது. நெறியாளரை மாற்றக்கூடிய உதிரிப்பாகமாகக் கருதும் நிறுவனம், பின்னர் அவர் பெயரையே புதிய விற்பனைப் பொருளாக்கவும் தயங்குவதில்லை என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

முடிவாக நோக்குமிடத்து, ஒரு படத்தின் நிறைகளை ஒருவருக்கும் குறைகளை மற்றொருவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் திறனாய்வு முழுமையானதாகாது. ‘சுப்பர்மான் 2’ இல் பிராண்டோ நீக்கப்பட்டமைக்குப் பணம் காரணம். தொனி பிளந்தமைக்கு நெறியாளர் நீக்கம் காரணம். முடிவு தளர்ந்தமைக்கு, முடிவையே வேண்டாத தொடர்வடிவம் காரணம். முதலிரண்டையும் 2006 ஆம் ஆண்டுப் பதிப்பு ஓரளவு திருத்தியது. மூன்றாவதைத் திருத்த எந்தப் படத்தொகுப்பாளராலும் இயலவில்லை. பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைத் திருப்பும் ஆற்றல் கதாநாயகனுக்கு மட்டுமே உரியது. கலையின் வரலாற்றுக்கு அது இல்லை. 130 டொலருக்குக் கைமாறிய உரிமையும், 1979 இல் நீக்கப்பட்ட கலைஞனின் உழைப்பும், படமாக்கப்படாமலே போன காட்சிகளும் பின்னைய திருத்தங்களால் ஈடுசெய்யப்படலாமேயன்றி இல்லாதனவாக்கப்படமாட்டா. கதை மறக்க விரும்பும் இவற்றை நினைவில் நிறுத்துவதே திரைப்பட வரலாற்றின் பணியாகும்.